வாத்தியாரின் கடைசி திரௌபதி வேஷம்: முழு ராத்திரியும் அவரே ஆடணுமா?

ஆரணிக்காரன் | 19 ஜனவரி 2026, இரவு 9.40

எங்க தெருக்கூத்துக் குழுவுல (ஜமாவுல) ரொம்ப வருஷமா திரௌபதி கட்டுற வாத்தியார், இந்த சித்திரையோட அந்த வேஷத்தை நிறுத்திக்கிறேன்னு சொல்லிட்டாரு. வயசு 63. ரெண்டு முட்டியும் தேய்ஞ்சிருக்கு. ஊர்ல சேர்ந்து அவருக்குன்னே ஒரு ராத்திரி துகில், அதாவது சபையில திரௌபதி துகில் உரியுற கூத்து, வைக்கப் போறோம்.

என் கருத்து இதுதான். பத்து மணியிலிருந்து விடியற வரைக்கும் திரௌபதி அவரேதான் ஆடணும். வெளிநாட்டுல பாலே ஆடுறவங்க ஓய்வு பெறும்போது மூணு அங்கத்தையும் முழுசா ஆடி, பூவும் கைத்தட்டலுமா விடைபெறுறாங்க. நம்ம ஆளை மட்டும் ஒரு மணி நேரம் தலைகாட்டிட்டுப் போங்கன்னு சொன்னா அது மரியாதையா? நேரம் மிச்சமானா கர்ண மோட்சத்துல ஒரு பகுதி சேர்த்துக்கலாம்னும் பேச்சு இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சத்துவாச்சாரி ராஜி | 19 ஜனவரி, இரவு 11.15

கர்ண மோட்சத்தை முதல்ல எடுத்துடுங்க தம்பி. நம்ம வட ஆற்காட்டுப் பக்கம் அது கருமாதி ராத்திரியில் வைக்கிற கூத்து. உயிரோட இருக்கிற மனுஷருக்கு நடத்துற விழாவில் அதைப் போட்டால் ஊர்ப் பெரியவங்க முகம் சுளிப்பாங்க. வாத்தியார் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அவர் மனசுக்கும் உறுத்தும்.

மத்ததை நாளைக்கு விவரமா எழுதறேன்.

சத்துவாச்சாரி ராஜி | 20 ஜனவரி, காலை 6.50

பாலேயில் எல்லாரும் முழு நாடகம் ஆடித்தான் விடைபெறுகிறார்கள் என்பது பாதி உண்மை. என்ன ஆடினார்கள் என்று பார்த்தால்தான் மீதி தெரியும்.

பாரிஸ் ஆப்பெராவில் நடனக்காரர்களுக்கு 42 வயதில் ஓய்வு. ஒரேலி துபோன் 2015 மே 18 அன்று 'மனோன்' ஆடி விடைபெற்றார். அதன் கடைசிக் காட்சியில் நாயகி சதுப்பு நிலத்தில் செத்துக்கொண்டிருக்கிறாள். துவண்டு விழுகிற உடம்பு அது, தூக்குவதும் தாங்குவதும் கூட ஆடுகிற ஆணின் வேலை. நியூயார்க்கில் ஒரே பாலே குழுவில் அலெசாண்ட்ரா ஃபெர்ரி 2007 ஜூன் 23 அன்று, ஜூலி கென்ட் 2015 ஜூனில், இரண்டு பேருமே எடுத்தது ஜூலியட். டயானா விஷ்ணேவா 2017 ஜூன் 23 அன்று அதே குழுவில் 'ஒனேகின்' ஆடினார். லண்டனில் டார்சி பஸ்ஸல் 2007 ஜூன் 8 அன்று ஆடியது மாலருடைய இசைக்கு அமைந்த 'பூமியின் பாட்டு'. அது ஒரே அங்கம், ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும்.

இதில் எதுவுமே குதிப்பையும் சுழற்சியையும் நம்பி நிற்கிற பாத்திரம் கிடையாது. முகம், நடை, நிற்கும் விதம், இவைதான் முதுகெலும்பு. மேக்மிலன் அமைத்த ரோமியோ ஜூலியட்டில் ஓர் இடம் வரும். ஜூலியட் கட்டில் விளிம்பில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள், இசை மட்டும் பொங்கி ஏறிக்கொண்டே போகும். ஃபெர்ரியின் ஜூலியட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இடத்தை விடாமல் சொல்வார்கள். இருபது வயதுப் பெண்ணால் அப்படி உட்கார முடியாது.

உங்கள் வாத்தியாருக்கும் அதேபோல ஓர் இடம் துகிலிலேயே இருக்கிறது. சபையில் நின்று, "தன்னையே தோற்றவருக்கு என்னை வைத்து ஆட என்ன உரிமை" என்று கேட்கிற பகுதி. விருத்தம், வசனம், மறுபடி விருத்தம் என்று போகும். அடவு குறைவு. மனுஷர் இத்தனை வருஷத்தில் சேர்த்ததெல்லாம் அங்கேதான் வெளியே வரும். அதற்கு முன்னாடி நாலு மணி நேரம் ஆட வைத்துக் களைக்கவிட்டால் அந்த இடத்துக்கு வரும்போது அவரிடம் குரலும் இருக்காது, முட்டியும் இருக்காது.

ஆரணிக்காரன் | 20 ஜனவரி, மதியம் 1.05

அக்கா, நீங்க சொல்ற லிஸ்ட்டுல ஸ்வான் லேக் இல்லையே. அதுலயும் விடைபெற்றவங்க இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்.

சத்துவாச்சாரி ராஜி | 20 ஜனவரி, இரவு 10.20

உண்டு. நீனா அனனியாஷ்விலி 2009 ஜூனில் நியூயார்க்கில் ஸ்வான் லேக் ஆடித்தான் விடைபெற்றார், 46 வயதில். அதை மறைக்கவில்லை, விதிவிலக்கு என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

அந்த நாடகத்தில் வெள்ளை அன்னம், கறுப்பு அன்னம் இரண்டையும் ஒரே ஆள் ஆட வேண்டும். மூன்றாம் அங்கத்தில் ஒற்றைக் கால் நுனியில் நின்று மற்றக் காலைச் சாட்டைபோல வீசி 32 சுற்று வரும். 1895-ல் பியரீனா லெஞ்யானி ஆடியதிலிருந்து அந்த 32 நிலைத்துவிட்டது. எண்ணிக்கையை ஒரு சின்னப் பையன்கூட எண்ணிப் பார்த்துவிடலாம் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. கூட்டம் ஆட்டத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். கடைசி நாளில் 26-ல் நின்றுபோனால் ஊர் பேசுவது அந்த ஆறைப் பற்றித்தான்.

நம்ம துகிலில் அந்த 32-க்குச் சமமானது புடவை உரிகிற இடம். அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

கண்ணமங்கலம் முகவீணை | 21 ஜனவரி, காலை 8.30

ராஜியம்மா சொல்றது சரி. ஆனா உடம்பைப் பத்தியே பேசுறீங்க, சுருதியை யாரும் எடுக்கலை.

அஞ்சு கட்டையில ஓடுற ஜமான்னா, 63 வயசு தொண்டை மூணு மணிக்கு மேல அஞ்சுல உச்சத்தைத் தொடாது. கத்தும், ஆனா பாடாது. நாலுக்கோ நாலரைக்கோ இறக்கணும். இறக்குறேன்னு ஆர்மோனியக்காரர் வாயால சொல்லிட்டா போதாது. முகவீணைங்கிற ஊதுகுழல் ஒரு சுருதிக்குன்னு கடைஞ்சது. சீவாளியைக் கொஞ்சம் வெளிய இழுத்தா இறங்குற மாதிரி இருக்கும், முழுக் கட்டை இறங்காது, சுரம் பிசிறும். நீளமான முகவீணை வேற கொண்டாரணும். மிருதங்கத்தையும் அந்த நேரத்துல நாலுக்கு இறக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. வலந்தலையை முன்கூட்டியே நாலுக்கு சேர்த்து வச்ச ரெண்டாவது மிருதங்கம், பாட்டுக்காரங்க உக்கார்ற பெஞ்சுக்கு அடியில தயாரா இருக்கணும்.

இன்னொண்ணு. துரியோதனன், துச்சாதனன் கட்டுற பசங்களும் அந்தக் காட்சியில நாலுலதான் பாடியாகணும். அவங்களுக்கு அது தாழ்ந்த சுருதி, வீராப்பு வராது. அதனால இப்பவே பழக்குங்க.

சத்துவாச்சாரி ராஜி | 21 ஜனவரி, இரவு 9.00

அண்ணன் சொன்னது பெரிய விஷயம். இதோடு ஒன்று சேர்க்கிறேன்: சுருதி எதுவென்று சாயங்கால ஒத்திகையில் முடிவு செய்யாதீர்கள். ஆறு மணிக்குப் பாடுகிற குரல் வேறு, தூங்காமல் விழித்திருந்து மூணரைக்குப் பாடுகிற குரல் வேறு. ஒரு ராத்திரி அந்த நேரத்துக்கே எழுப்பி, வெந்நீர் கொடுத்து, சபை விருத்தத்தை நாலிலும் நாலரையிலும் பாடவிட்டுப் பாருங்கள். எதில் கடைசி அடியை மூச்சு விடாமல் முடிக்கிறாரோ அதுதான் சுருதி.

சத்துவாச்சாரி ராஜி | 24 ஜனவரி, காலை 7.15

புடவை.

வழக்கமாக ஆறேழு புடவைகளை முனையோடு முனை தைத்து இடுப்பைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். துச்சாதனன் இழுக்க, திரௌபதி சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். கணக்குப் போடுங்கள். ஒரு புடவை 18 அடி. ஏழு புடவை என்றால் 126 அடி. புடவை மேல் புடவை சுற்றிய இடுப்பு மூன்றரை அடி சுற்றளவு என்றால் 36 சுற்று வரும். லெஞ்யானியின் 32-ஐ விட நாலு அதிகம்!

பாலேயில் சுழல்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கண்ணை எதிரே ஒரு புள்ளியில் நிறுத்திவிடுவார்கள். உடம்பு திரும்பத் திரும்பத் தலை அங்கேயே நிற்கும், கடைசியில் தலை மட்டும் சட்டென்று சுற்றி உடம்புக்கு முந்தி அதே புள்ளிக்கு வந்துவிடும். தலைசுற்றல் அதனால் குறையும். திரௌபதிக்கு அது முடியாது. கையைத் தூக்கிக் கண்ணை மூடி "கோவிந்தா" என்று நிற்கிற ஆள் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே நம்ம ஆட்களுக்குத் தலை சுற்றத்தான் செய்யும். தேய்ந்த முட்டியில் பாதம் மண்ணில் பதிந்திருக்க மேல் உடம்பு திரும்பினால் முறுக்கு மொத்தமும் முட்டிக்குள்தான் இறங்கும்.

மாற்று வழி: சுற்றிக் கட்டாதீர்கள். தைத்த புடவைகளைக் கொசுவம்போல முன்னும் பின்னுமாக ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, இடுப்பில் நாடாவால் தைத்த பைக்குள் அடுக்கி வையுங்கள். மேல் முந்தானை மட்டும் வெளியே தெரியட்டும். இழுத்தால் நேராக வந்துகொண்டே இருக்கும். திரௌபதி நின்ற இடத்தில் நிற்கலாம். இழுக்கிற துச்சாதனன்தான் களரியை (கூத்து ஆடுகிற இடத்தை) சுற்றி ஓடி, மூச்சு வாங்கி, விழுவான். அர்த்தமும் அதுதானே. அவள் அசைய மாட்டாள், அவன் ஓய்ந்துபோவான்.

எங்கே கெடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒன்று, தையல் தடிப்பு பை வாயில் சிக்கும். தையலைத் தட்டையாக மடித்து அடிக்க வேண்டும், பை வாய் இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருக்கட்டும். இரண்டு, கஞ்சி போட்ட புடவை ஒட்டிக்கொண்டு கட்டியாக வந்துவிடும். ஒரு தடவை அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். மூன்று, அடிப்புடவை. அது பையோடு சேர்ந்து வந்துவிட்டால் போச்சு. உள்ளே அரைஞாண் மாதிரி ஒரு தட்டை நாடாவை இறுக்கிக் கட்டி, அடிப்புடவையை அதில் நாலு இடத்தில் ஊக்கு குத்தி, ஊக்கு வாயை நூலால் சுற்றிவிட வேண்டும். ஆரணிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த அடிப்புடவை மட்டும் நல்ல ஆரணிப் பட்டாக இருக்கட்டும். கடைசியில் கண்ணில் நிற்கப்போவது அதுதான்.

போளூர் கட்டியக்காரன் | 24 ஜனவரி, இரவு 8.45

நைலான் புடவை வழுக்கிட்டு வருமே அக்கா, எங்க செட்டுல அதான் வச்சிருக்கோம்.

சத்துவாச்சாரி ராஜி | 24 ஜனவரி, இரவு 10.10

வழுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துகில் உரிவதற்கு முன்னால் துச்சாதனன் கட்டினவரும் மற்றவர்களும் திரௌபதிக்குக் கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டுத்தானே தொடங்குகிறீர்கள்? எண்ணெய் பூசின முகம், சவுரி முடி, அதற்குக் கீழே நூறு அடிக்கு மேல் நைலான். ஒரு பொறி போதும், உருகித் தோலோடு ஒட்டிவிடும். பருத்தி வாயில் (voile) புடவை வாங்குங்கள். அதுவும் மெல்லிசுதான், நன்றாக நழுவும். பருத்தியும் எரியும் என்பதால் கற்பூரத் தட்டைக் கைநீளத்துக்கு அப்பாலேயே பிடிக்கச் சொல்லுங்கள். ஆரத்தி முடிந்ததும் தட்டு களரியை விட்டு வெளியே போய்விட வேண்டும். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும்.

ஆரணிக்காரன் | 27 ஜனவரி, காலை 9.20

வாத்தியார்கிட்ட கொசுவப் பை விஷயத்தைச் சொன்னோம். கேட்டுட்டு, "சரி, ஆனா முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வர்ற இடத்தை விட மாட்டேன்"னுட்டாரு. அது ஓட்டமா வருமே. என்ன பண்றது?

சத்துவாச்சாரி ராஜி | 27 ஜனவரி, இரவு 9.35

விட வேண்டாம். அந்த இடம் இல்லாமல் துகில் கிடையாது. ஆனால் இழுக்கிறது யார் என்பதை மாற்றுங்கள்.

துச்சாதனன் கை சவுரியின் அடிமுடிச்சின் மேல் படிந்திருக்கட்டும், பிடிக்கக் கூடாது. திரௌபதி தன் இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டை மேலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்களுக்கு விடுவிக்கப் போராடுகிற மாதிரி தெரியும். உண்மையில் அவர் எடை அவன் கையில் தொங்கும், வேகம் எவ்வளவு என்பதையும் அவரே முடிவு செய்வார். அவர் அடி எடுத்து வைத்தால்தான் அவன் நகர வேண்டும். பாலேயில் ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவதிலும் இதே சூட்சுமம்தான். பாதி விசை அவள் முட்டியை மடித்து எழும்புவதிலிருந்து வருகிறது. அவள் நேரம் தவறினால் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அவனால் தூக்க முடியாது.

தூரத்தையும் குறையுங்கள். கூட்டத்துக்கு நடுவே முப்பது அடி ஓடி வரத் தேவையில்லை. திரையை ஒட்டிப் பத்து அடி போதும். துச்சாதனன் இரண்டு தடவை நின்று திரும்பிச் சபையைப் பார்த்துப் பெருமை பேசினால், அந்த இடைவெளியில் வாத்தியார் மூச்சு வாங்கிக்கொள்வார்.

சவுரிக்கு: தலைத்துணியை நெற்றியிலிருந்து பிடரி வரை இறுக்கி, சவுரிக் கயிற்றை அந்தத் துணியோடு தைக்க வேண்டும். வெறும் முடிச்சு போட்டால் வியர்வையில் நழுவும்.

கண்ணமங்கலம் முகவீணை | 28 ஜனவரி, காலை 7.40

சிஷ்யப் பையன் யாராச்சும் திரௌபதி கட்டுறானா? இருந்தா முன்பாதியை அவன்கிட்ட குடுங்க. ராத்திரி நீளம்னு ஒரே வேஷத்தை ரெண்டு பேரு கட்டுறது நம்ம பக்கம் புதுசில்லை.

ஆரணிக்காரன் | 28 ஜனவரி, இரவு 8.00

இருக்கான் அண்ணே. நல்லா பாடுறான். ஆனா அவன் ஆடினா வாத்தியாரை ஒதுக்கின மாதிரி ஆயிடாதா?

சத்துவாச்சாரி ராஜி | 28 ஜனவரி, இரவு 11.05

ஆகாது. இந்த விஷயத்தில் பாலேயை விட நம்மிடம் நல்ல வசதி இருக்கிறது. அங்கே விடைபெறும் நாளில் நாயகி வேஷத்தை இன்னொருத்தியோடு பங்கு போட மாட்டார்கள். முழு நாடகம் முடியாவிட்டால் துண்டு துண்டாக எடுத்துக் கோப்பார்கள். மிஸ்டி கோப்லண்ட் 2025 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கில் விடைபெற்றது அப்படித்தான். ஐந்து வருஷ இடைவெளிக்குப் பிறகு வந்தவர், ரோமியோ ஜூலியட்டின் மாடக் காட்சியையும் வேறு சில சிறு ஆட்டங்களையும் ஆடினார். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் துண்டுக்குத் துண்டு கதை அறுந்துவிடும்.

நமக்குத் திரை இருக்கிறது. அந்தப்புரத்தில் தருமரோடு பேசுகிற திரௌபதி பையன். சூதாட்டம் நடக்கிறது. துச்சாதனன் அழைக்கப் போகிறான். இரண்டு பேர் திரையைப் பிடிக்கிறார்கள். பையன் திரைக்குள் போய்த் திரை விருத்தத்தின் முதல் இரண்டு அடியை அஞ்சு கட்டையில் பாடட்டும். ஆர்மோனியம் மாறி, நாலில் மூன்றாவது அடியை வாத்தியார் எடுக்கட்டும். குரல் மாறும்போதே ஜனங்களுக்குப் புரிந்துவிடும், திரை விலகுவதற்கு முன்னாடியே கைத்தட்டல் வரும். இரண்டு பேருக்கும் ஒரே நிறப் புடவை, ஒரே அளவு சவுரி.

போளூர் கட்டியக்காரன் | 29 ஜனவரி, காலை 6.30

அந்த மூணாவது அடிக்கு முன்னாடி நான் ஒண்ணும் பேசாம இருக்கணும்னு சொல்லுங்க. கட்டியக்காரனுங்க அங்கதான் அன்பளிப்பு வாசிக்க ஆரம்பிப்பானுங்க.

சத்துவாச்சாரி ராஜி | 29 ஜனவரி, இரவு 9.50

சொல்ல வேண்டியதைச் சொன்னீர்கள் தம்பி. "இன்னார் நூறு ரூபாய், இன்னார் இருநூறு" என்று நடுவில் படிக்கிற வழக்கத்தை மொத்தமாக ஒழிக்க முடியாது, ஜமாவுக்கு அது வருமானம். ஆனால் வாத்தியார் களரியில் இருக்கிற நேரம் முழுக்க வாசிப்பு கூடாது. ஒரு பையன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளட்டும். சூதாட்டம் முடிந்ததும் ஒரு தடவை, மங்களத்துக்குப் பிறகு ஒரு தடவை வாசித்தால் போதும்.

பொன்னாடைக்கும் இதே சட்டம். பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஆட்டம் முடிந்து திரை விழுந்த பிறகுதான் மரியாதை. கூட ஆடியவர்கள் ஒவ்வொருவராகப் பூங்கொத்தோடு மேடைக்கு வருவார்கள், மேலிருந்து ஜிகினாத் துணுக்கு கொட்டும். மைக் பிடித்து யாரும் அரை மணி நேரம் பேசுவதில்லை. நம்ம ஊரில் விடியற்காலை ஐந்தரைக்கு மேல் அதை வைத்தால் பாதிப் பேர் பால் கறக்கப் போயிருப்பார்கள். ஆகவே தலைவர்கள் பேச்சு, மாலை, பணமுடிப்பு எல்லாவற்றையும் ஒன்பதிலிருந்து ஒன்பதே முக்காலுக்குள் முடித்துவிடுங்கள். வாத்தியார் வேட்டி சட்டையில் வந்து வாங்கிக்கொள்ளட்டும். வேஷம் கட்டின பிறகு அவர் மேல் சால்வை படக் கூடாது. கற்பூரம் காட்டி நிற்க வைத்த தெய்வம் அது, அதைப் பாதியில் மனுஷனாக்காதீர்கள்.

சத்துவாச்சாரி ராஜி | 1 பிப்ரவரி, காலை 7.00

நேரக் கணக்கு கேட்டுத் தனியாக எழுதியிருந்தீர்கள். இங்கேயே போடுகிறேன், மற்றவர்களுக்கும் ஆகும்.

பத்து மணிக்குக் களரி கட்டு, அதாவது தொடக்க இசை. பதினொன்றுக்குத் துரியோதனன் பிரவேசம். ஒன்றரை வாக்கில் தருமரும் இளைய திரௌபதியும். இரண்டரைக்குச் சூது. மூன்றே முக்காலுக்குத் திரை விருத்தம். ஐந்தே காலுக்குச் சபதம் முடிந்து மங்களம். வாத்தியார் களரியில் இருப்பது ஒன்றரை மணி நேரம், ஏறக்குறைய பஸ்ஸல் ஆடியதை விட அரை மணி கூடுதல். குறைவே இல்லை.

அவர் எட்டு மணிக்கே அரிதாரம் பூசி உட்காரக் கூடாது. விழா முடிந்ததும் பத்து மணிக்குப் படுக்கட்டும். ஒன்றரைக்கு எழுப்புங்கள். வெந்நீரில் முகம் கழுவி முகப்பூச்சுக்கு ஒரு மணி நேரம். முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடிமனாக அப்பினால், சுருக்கங்களுக்குள் போய் உட்கார்ந்து வெள்ளை விளக்கில் கோடு கோடாகத் தெரியும். மெல்லிசாக ஒரு பூச்சு, பவுடரை ஒற்றி எடுத்து, மறுபடி ஒரு பூச்சு. கண்ணுக்கும் புருவத்துக்கும் மட்டும் மை அழுத்தமாக.

அதற்குப் பிறகு உடம்பைச் சூடாக்க இருபது நிமிஷம். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் மிக முக்கியம். பாலேக்காரர்கள் கடைசி நிகழ்ச்சி அன்றைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அன்றாடப் பயிற்சி செய்துவிட்டுத்தான் ஒப்பனைக்குப் போவார்கள். இவர் சுவரைப் பிடித்துக் கணுக்காலைச் சுழற்றி, அரைமண்டியில் பாதி மட்டும் இறங்கி ஏறி, சலங்கை இல்லாமல் மெதுவாக நாலு அடவு போட்டால் போதும். சலங்கை கடைசியில். அடியில் துணி சுற்றி, வழக்கத்தை விட ஒரு அடுக்கு குறைத்துக் கட்டுங்கள்.

ஆரணிக்காரன் | 3 பிப்ரவரி, இரவு 10.00

களரி எங்க போடுறதுன்னு சண்டை. கோயில் முன்னாடி சிமெண்ட் தளம் போட்டுட்டாங்க. இல்லைன்னா பக்கத்துல ஏரிக்கரை ஓரமா மண் தரை.

சத்துவாச்சாரி ராஜி | 4 பிப்ரவரி, காலை 6.45

மண் தரை. யோசிக்கவே வேண்டாம். பாலே மேடைக்கு அடியில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, மிதித்தால் சற்று அமுங்கி எழும்புகிற மாதிரி கட்டுவது முட்டியைக் காப்பாற்றத்தான். சிமெண்ட் ஒன்றையும் வாங்கிக்கொள்ளாது, அடி அப்படியே எலும்புக்குத் திரும்பும். சித்திரை வெயில் குடித்த சிமெண்ட் நடு ராத்திரி வரை கொதித்துக்கொண்டும் இருக்கும்.

இருபது அடிக்கு இருபது அடி. கல், முள், பாட்டில் மூடி பொறுக்கி, மதியம் சாணம் கரைத்துத் தெளித்து, நாலு மணிக்கு ஒரு தடவை தண்ணீர். அதற்குப் பிறகு ஒரு சொட்டும் கூடாது. கூத்து நடுவில் புழுதி பறக்கிறது என்று தண்ணீர் தெளித்தால் வழுக்கும்.

விளக்கு: வெள்ளை எல்இடியைத் தலைக்கு நேர் மேலே தொங்கவிட்டால் கண்குழி இரண்டும் கறுத்துப் போகும். இரண்டு பக்கமும் பத்தடி உயரத்தில், மஞ்சள் கலந்த வெளிச்சம். மைக் தொங்கும் மைக்தான், ஏழடியில் இரண்டு. சட்டையில் மாட்டுகிற மைக் புடவை இழுப்பில் கிழிந்துபோகும்.

போளூர் கட்டியக்காரன் | 6 பிப்ரவரி, இரவு 9.15

எனக்கு ஒரு யோசனை. துகில்ல முடி அவிழும். படுகளத்துல துரியோதனன் தொடையைப் பிளந்த பிறகுதான் திரௌபதி கூந்தல் முடிப்பா. கடைசி வேஷம்னா அதுதானே பொருத்தம்? துகிலை விட்டுட்டு அதை வைக்கலாமே.

சத்துவாச்சாரி ராஜி | 7 பிப்ரவரி, காலை 7.30

பொருத்தம்தான், ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் படுகளம் ஜமா நினைத்த தேதியில் வைக்கிற கூத்து இல்லை. பாரதம் படித்து, கொடி ஏறி, பதினெட்டாம் போர் முடிந்து, பகலில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துச் செய்கிற கோயில் காரியம். ஒரு ஆளின் விழாவுக்காக அதைப் பெயர்த்து எடுக்கக் கூடாது.

இரண்டும் வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. உங்கள் பக்கம் இந்த வருஷம் எந்தத் திரௌபதி அம்மன் கோயிலிலாவது பாரதம் நடக்கிறதா? அங்கே துகில் ராத்திரியை வாத்தியாருக்கு என்று வையுங்கள். படுகளத்தன்று காலை கூந்தல் முடிக்க மட்டும் அவரே வரட்டும். நடை மட்டும்தான், அடவு இல்லை. கோயில் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆரணிக்காரன் | 15 பிப்ரவரி, இரவு 8.30

கோயில்ல ஒத்துக்கிட்டாங்க. துகிலும் படுகளமும் ரெண்டும் வாத்தியாருக்கே. நோட்டீஸ் அடிக்கணும். "கூத்துக்கலையிலிருந்து பிரியாவிடை"ன்னு போடலாமா?

கண்ணமங்கலம் முகவீணை | 15 பிப்ரவரி, இரவு 9.10

அப்படிப் போட்டா அடுத்த வாரமே அவரைப் பெஞ்சுல உக்கார வச்சுப் பின்பாட்டு பாடச் சொல்ல முடியாதே.

சத்துவாச்சாரி ராஜி | 15 பிப்ரவரி, இரவு 10.40

அண்ணன் சொன்னதையே நானும் சொல்கிறேன். "திரௌபதி வேஷத்திலிருந்து ஓய்வு" என்று மட்டும் போடுங்கள். ஃபெர்ரி 44 வயதில் விடைபெற்றார், சில வருஷத்தில் மேடைக்குத் திரும்பினார், 2016-ல் 53 வயதில் அதே நியூயார்க் குழுவில் மறுபடி ஜூலியட் ஆடினார். மறுபக்கம் சில்வி கியெம், ஒரு வருஷம் முழுக்க ஊர் ஊராக ஆடி, 2015 டிசம்பர் 31 அன்று டோக்கியோவில் 'பொலேரோ' ஆட்டத்தோடு ஐம்பது வயதில் முடித்துக்கொண்டார். யாருக்கு எது ஒத்துவரும் என்பது அவரவர் உடம்புக்கும் மனசுக்கும்தான் தெரியும். நோட்டீஸ் அதை முந்திக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. உங்கள் வாத்தியாருக்குப் பெஞ்சில் இடம் இருக்கிறது, பாடத்தில் இடம் இருக்கிறது, சிஷ்யனுக்குச் சபை விருத்தம் இன்னும் முழுசாக வரவில்லை என்று தனியாக எழுதினபோது நீங்களே சொன்னீர்கள்.

ஆரணிக்காரன் | 22 பிப்ரவரி, இரவு 9.00

மூணரை மணி ஒத்திகை வச்சோம். நாலரையில கடைசி அடி ரெண்டா உடைஞ்சுது. நாலுல நின்னுது. கொசுவப் பை ரெண்டு தடவை சிக்கிச்சு, ரெண்டும் நாலாவது புடவைத் தையல்ல.

சத்துவாச்சாரி ராஜி | 22 பிப்ரவரி, இரவு 10.15

அப்போ சுருதி நாலு, அதில் இனி கை வைக்காதீர்கள். நாலாவது புடவையின் கரை ஜரிகையா என்று பாருங்கள். ஜரிகைக் கரை மடங்கிய இடத்தில் விறைத்து நிற்கும், பை வாயில் மாட்டுவது அதுதான். முனையில் ஒரு சாண் நீளத்துக்குக் கரையை வெட்டி எடுத்துவிட்டுத் தையுங்கள். அப்புறம் துச்சாதனன் கட்டுகிற பையனிடம், சிக்கினால் வெடுக்கென்று இழுக்காமல் ஒரு கை கீழே இறக்கி இழுக்கச் சொல்லுங்கள். சிக்கு தானாக விடும். விடாவிட்டால் அங்கேயே மூச்சு வாங்கிக் கீழே விழுந்துவிடலாம். எத்தனை புடவை வந்தது என்று யாரும் எண்ண மாட்டார்கள்.